எங்க ஊர் ஸ்பெஷல் என்ன?

போன செமஸ்டரில் ஒரு நாள். காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு ஆள் வராத பத்து நிமிஷ இடைவெளி. திண்டுக்கல்லில் இருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் தோழி திடீரென்று கேட்டாள்.

"ஏண்டி, எங்க ஊருக்கு பிரியாணி. சேலத்துக்குத் தட்டுவடை செட். திருநெல்வேலிக்கு அல்வா. உங்க ஓசூருக்கு என்னடி ஸ்பெஷல்?"

யோசித்தேன். யோசித்தேன். ரோஜாப்பூ என்றேன்.

"அதைச் சாப்பிட முடியுமாடி?"

மானம் போய்விட்டது :) அன்று ராத்திரி வீட்டில் அப்பாவிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே, "நம்ம ஊரு ஸ்பெஷலா? ஷிஃப்ட்டுதான்" என்றார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும், தெருத்தெருவாகத் தின்று பார்த்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஓசூரின் சாப்பாட்டு வரலாற்றுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது என்று தோன்றுகிறது. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரிச் சட்டம் எல்லாம் வரும். காமர்ஸ் படிக்கிற பெண்ணிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்?

முதலில் மலைக்குப் போய்விடலாம். காசு இல்லாத நாளில் ஓசூரில் போக உருப்படியான இடம் அது ஒன்றுதான். தேர்ப்பேட்டை தாண்டி, பச்சைக்குளம் பக்கமாகப் போனால் படிக்கட்டு. (வண்டி போகும் பாதையும் உண்டு. பெட்ரோல் செலவாகும், ஆகவே இந்தக் கட்டுரையில் அதற்கு இடமில்லை.) மேலே சந்திரசூடேஸ்வரர், மரகதாம்பாள். ஓசூரே கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு குன்று என்பதால் சித்திரை வெயிலிலும் காற்று அடிக்கும். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் அபார்ட்மென்ட், பெங்களூர் ரோட்டுப் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைக் கூரைகள். அடிவாரத்தில் பொரி, சுண்டல், மிளகாய் பஜ்ஜி. பங்குனித் தேர் அன்றைக்கு மட்டும் எல்லாமே இலவசம், மோரும் பானகமும் சாப்பாடும் தெருவுக்குத் தெரு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

இந்த ஊருக்குக் கல்வெட்டுகளில் பெயர் செவிடபாடி. ஓசூர் என்பது கன்னட 'ஹொச ஊரு', அதாவது புது ஊர். பெயரிலேயே பழசு கிடையாது பாருங்கள்! 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்குக் கொடுத்தபோதுகூட ஓசூர் மைசூர் பக்கமே நின்றது. 1799இல் திப்பு இறந்த பிறகுதான் கம்பெனி கைக்கு வந்து, சேலம் ஜில்லாவில் சேர்ந்தது. பிறகு 1965இல் தர்மபுரி மாவட்டம், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று விலாசம் மாறிக்கொண்டே இருந்தது. 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோதும் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது எல்லாம் கலந்து பேசும் இந்தத் தாலுகா சென்னை மாநிலத்திலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் எங்கள் தெரு டீக்கடையில் ஒரே நேரத்தில் நாலு மொழியில் டீ சொல்லலாம். வருவது ஒரே டீதான்.

அப்படியானால் இந்த மண்ணுக்கென்று சாப்பாடே இல்லையா? இருக்கிறது. அதைத் தோழியிடம் சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். ராகிக் களி. கீரையும் பருப்பும் கடைந்து பக்கத்தில். மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்து வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பு. பனி விழுகிற காலத்தில் எங்கள் பாட்டியைச் சுற்றி உட்கார்ந்து பிதுக்கியே எங்கள் வீட்டுப் பெண்களுக்கு விரல் நுனி சுருங்கிப் போகும். (கொசுவத்தி சுத்துறேன், மன்னிக்கவும்.) கொள்ளு ரசம் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் மாங்காய். கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்கிற அந்த மாங்காயை உப்பு மிளகாய்த்தூளோடு சாப்பிடாதவர்கள் இந்த மாவட்டத்தில் கிடையாது. கூழாக்கி ஏற்றுமதியும் செய்கிறார்கள்.

இவை எதையும் ஓசூர் ஓட்டல் பலகையில் ரொம்ப காலத்துக்குப் பார்க்க முடியாது. காரணம் எளிது. ஓட்டல் என்பது வெளியூர்க்காரனுக்கு. உள்ளூர்க்காரன் களி தின்றுவிட்டுத்தான் வீட்டை விட்டே கிளம்புவான், அல்லது தூக்குப்போசியில் எடுத்துப் போவான். களி ஏழை வீட்டுச் சாப்பாடு, அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? என் பாட்டி காலத்தில் ரேஷன் அரிசிச் சோறுதான் கௌரவம். இப்போது சர்க்கரை வியாதி புண்ணியத்தில் எல்லாம் மாறிவிட்டது. 2023இல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே கொண்டுவந்தது. ஓட்டல்களில் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாதாரண மீல்ஸைவிட விலை அதிகம். பாட்டி கேட்டால் சிரிப்பார்.

ஆக, ஓசூர் ஓட்டல் வரலாறு என்பது வந்தவர்களின் வரலாறு. யார் யார் வந்தார்கள்? பட்டாளம் வந்தது. மத்திகிரியில் 1824இல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை வைத்தார்கள், பின்னாளில் அது கால்நடைப் பண்ணை ஆனது. ரயில் வந்தது. மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு 1906இல் போட்ட சின்ன ரயில் பாதையை 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவருவதற்காகப் போட்டது. கட்டுப்படியாகாமல் 1941இல் மூடி, தண்டவாளத்தையும் பிடுங்கிப் போய்விட்டார்கள். சோறு கொண்டுவரப் போட்ட ரயில் முப்பது வருஷம்கூடத் தாங்கவில்லை! அதற்குப் பிறகு லாரி.

லாரி என்றதும் ராஜாஜியைச் சொல்லியே ஆகவேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கே ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி கிராமத்தில். அவர் பிறந்த வீட்டை இப்போது நினைவு இல்லமாக அரசு பார்த்துக்கொள்கிறது. டவுன் பஸ் பிடித்துப் போய் வரலாம், செலவில்லாத இடங்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1937இல் அவர் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார் (அப்போது முதல்வரை அப்படித்தான் சொன்னார்கள்). அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி, நாட்டிலேயே முன்னோடியாக, சொந்த ஜில்லாவான சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூரும் அந்த ஜில்லாவுக்குள்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திபெலே, மைசூர் சமஸ்தானம். இவர் சட்டம் அங்கே செல்லாது.

சரி, கள்ளும் சாராயமும் போனால் அரசுக்கு வரும் கலால் வருமானமும் போகும் இல்லையா? அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939இல் ஒரு புது வரி போட்டார். சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவாக விற்பனை வரி என்று இந்தியாவில் ஆரம்பித்ததே அங்கேதான். வரிப் பாடத்தில் இதை ஒரு வரியில் படித்துவிட்டுத் தாண்டியிருந்தேன். அந்த ஒரு வரி எங்கள் ஊர்ப் பரோட்டாக் கடைகளில் வந்து முடியும் என்று யார் நினைத்தார்கள்!

எப்படி என்றால், விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆகவே எல்லையில் சரக்கைச் சோதிக்க வேண்டும். சோதிக்க செக்போஸ்ட் வேண்டும். எங்கள் பக்கம் ஜூஜூவாடி. பில்லைக் காட்டி, முத்திரை வாங்கி, முன்னால் நிற்கிற லாரி நகரும் வரை காத்துக் கிடக்க வேண்டும். லாரி நின்றால் டிரைவரும் கிளீனரும் என்ன செய்வார்கள்? சாப்பிடுவார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா, ஆம்லெட், விடிகாலை நாலு மணிக்கு டீ. ரோட்டோரம் வரிசையாகக் கடைகள். அப்பா சொல்வார், நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் அங்கேதான் சூடாக எதாவது கிடைக்கும் என்று. (மதுவிலக்கின் மீதிக் கதை தெரிந்ததுதானே. 2003 நவம்பரில் இருந்து டாஸ்மாக் கடைகளை அரசே நடத்துகிறது. ஆனால் கலாலுக்குப் பதிலாக வந்த விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. ராஜாஜி இதைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!)

2017 ஜூலை 1. ஜி.எஸ்.டி. வந்தது. வணிகவரி செக்போஸ்ட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. சரக்கு லாரிகள் முன்போல மணிக்கணக்கில் நிற்பதில்லை. நான்கு வழிச் சாலை, மேம்பாலம், அப்படியே பறந்து போய்விடுகின்றன. நாட்டுக்கு நல்லதுதான், தேர்வில் எழுதச் சொன்னால் நானும் நன்மைகள் என்று தலைப்புப் போட்டு எழுதுவேன். ஆனால் லாரி நின்றதால் அடுப்பு எரிந்த கடைகளுக்கு என்ன நன்மை? நான் பார்த்த ஒரு கடையில் பரோட்டாக் கல்லைத் தூக்கிவிட்டு, தொன்னை பிரியாணி என்று புதுப் பலகை மாட்டியிருக்கிறார்கள். வாழையிலைத் தொன்னையில் அல்ல, ஏதோ காய்ந்த இலைத் தொன்னையில் பெங்களூர் பாணி பிரியாணி. "இப்ப லாரிக்காரங்க யாரும்மா நிக்கிறாங்க, பைக்ல வர்ற பசங்களை நம்பித்தான் கடை" என்றார் அண்ணன்.

இனிதான் ஷிஃப்ட் கதை.

1971இல் சிப்காட் தொடங்கினார்கள். ஓசூர் தொழிற்பேட்டை 1974. மானாவாரி ராகி விளைந்த நிலம். பின்தங்கிய மாவட்டம் என்பதால் சலுகைகள், நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். 1980இல் அசோக் லேலண்ட் வந்தது. அதே வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளியே போனது. 1984இல் டாடாவும் டிட்கோவும் கூட்டாக டைட்டன் வாட்ச் கம்பெனி. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துக் கைக்கடிகாரம் செய்ய வைத்தார்கள். ஊழியர்களுக்கான குடியிருப்பை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா, உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர். இவர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சின்ன யூனிட்டுகள்.

மூன்று ஷிஃப்ட் ஊரில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. காலை ஆறு மணிக்கு ஒருவனுக்கு டிபன், அதே ஆறு மணிக்கு இன்னொருவனுக்கு ராத்திரிச் சாப்பாடு. அதனால்தான் தட்டு இட்லி இங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கர்நாடகத்தில் இருந்து வந்த சரக்கு, ஒரு தட்டு முழுக்க ஒரே இட்லி. இரண்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும், நின்றுகொண்டே ஐந்து நிமிஷத்தில் முடிக்கலாம். ஐயங்கார் பேக்கரியும் அதே மாதிரி. 1898இல் பெங்களூர் சிக்பேட்டையில் ஹாசன் பக்கத்து ஐயங்கார் குடும்பம் ஆரம்பித்த பி.பி. பேக்கரியில் இருந்து கிளை கிளையாகப் பரவிய வழக்கம். முட்டை கிடையாது. தேங்காய் பன், காரா பன், ஒரு டீ. பஸ் வருவதற்குள் முடிந்துவிடும்.

இப்போது சட்டம். 1948 தொழிற்சாலைச் சட்டம், 46ஆம் பிரிவு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்க வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம். தேர்வுக்கு இரண்டு மார்க். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா கேட்டேன். "நீங்க கேன்டீன்ல என்னப்பா சாப்பிடுவீங்க?"

"நான் எங்கம்மா கேன்டீன்ல சாப்பிட்டேன்."

அப்பா ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட்டில் இருந்தார். பெயர் வேண்டாம். உள்ளே கேன்டீன் இருந்தது. பர்மனென்ட் ஆட்களுக்கு டோக்கன், சில்லறைக் காசுக்குச் சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள் ஸ்வீட். அதே லைனில், அதே வேலையை, பக்கத்தில் நின்று செய்த இவருக்கு டோக்கன் கிடையாது. அரை மணி நேர இடைவேளையில் கேட்டுக்கு வெளியே ஓடி வந்து, தள்ளுவண்டியில் சாம்பார் சாதமோ தக்காளி சாதமோ சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டும். மழை வந்தால் சாப்பாட்டுத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பெட்டிக்கடைத் தார்ப்பாய்க்குள் நிற்பாராம். இதை அவர் ஒரு குறையாகச் சொல்லவே இல்லை, மெகா சீரியல் விளம்பர இடைவேளையில் சொன்னார்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். தொழிற்சாலைச் சட்டத்தில் தொழிலாளி என்றால் யார் என்ற விளக்கத்திலேயே, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும் சேர்த்தி என்று 1976 திருத்தத்தில் எழுதியிருக்கிறது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் 16ஆம் பிரிவு கேன்டீனுக்கே தனியாக இருக்கிறது, அங்கே 100 பேர் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதில் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் என்று நேரடியாகவே இருக்கிறது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வண்டிக்காரம்மா சமையல் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த வண்டிக்கார அக்காவை நான் தேடிப் போய்ப் பார்த்தேன். இன்னும் கடை போடுகிறார். கையெழுத்து மங்கிய கோடு போட்ட நோட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மாதக் கணக்கு, சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். எங்கள் பாடத்தில் கடனாளிகள், வாராக்கடன் ஒதுக்கு என்று ஒரு கணக்கு வரும், மொத்தக் கடனில் ஐந்து சதவீதம் வாராது என்று வைத்துக்கொள்க என்பார்கள். அக்காவுக்கு அந்த வசதி இல்லை. 2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு போட்டபோது நோட்டில் அந்த மாதக் கணக்கு அப்படியே நின்றுபோனது. ஒடிசாப் பையன்கள், பீகார்ப் பையன்கள், தர்மபுரிப் பக்கத்துப் பையன்கள் எல்லோரும் கிடைத்த வழியில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். "திரும்பி வந்தவங்க கொடுத்துட்டாங்கம்மா. ரெண்டு மூணு பேரு ஊர்ல இருந்தே போன்ல போட்டு விட்டாங்க. வராதவங்க வரல" என்றார். அந்தப் பக்கத்தை அவர் அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

அரசு கேன்டீன்களையும் சொல்ல வேண்டும். 2013இல் சென்னையில் அம்மா உணவகம் வந்தது, இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பிறகு ஓசூருக்கும் வந்தது. 2017 ஆகஸ்டில் பெங்களூரில் இந்திரா கேன்டீன், டிபன் 5, சாப்பாடு 10. எல்லை ஊரில் இருப்பதால் இரண்டு பக்கமும் தின்று பார்த்திருக்கிறேன். சாம்பார் அங்கே இனிப்பு, இங்கே தண்ணீர். மேல் விவரம் வேண்டாம், அடிக்க வருவீர்கள் :)

அந்த எல்லை ஒரு நாள் மூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2016 செப்டம்பர் 12, காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்களை எரித்தார்கள். பஸ் எல்லாம் ஓசூரோடு நின்றது. பெட்டி படுக்கையோடு ஜனங்கள் ஜூஜூவாடிக்கும் அத்திபெலேக்கும் இடையில் நடந்தே போனார்கள், குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு. நான் அப்போது சின்னப் பெண். ஞாபகம் இருப்பதெல்லாம் எங்கள் தெரு பேக்கரி காலியானதுதான். கண்ணாடிப் பெட்டியில் ஒரு பன்கூட இல்லாமல் முதல் முறையாகப் பார்த்தேன்.

பெண் என்றதும் ஒன்று. மேலே சொன்ன பரோட்டாக் கடை, தள்ளுவண்டி எதிலும் பத்து வருஷம் முன்பு ஒரு பெண் தனியாக நின்று சாப்பிட்டிருக்க மாட்டாள். எங்களுக்குப் பார்சல்தான். குஸ்கா என்ற அற்புதம் எனக்குப் பார்சலில்தான் அறிமுகம். தெரியாதவர்களுக்கு: பிரியாணியில் கறித்துண்டு இல்லாமல் அரிசியை மட்டும் கொடுத்தால் குஸ்கா. கறியின் வாசம் முழுக்க இருக்கும், விலை பாதி. அடியில் ஒரு சின்னத் துண்டு தப்பித் தவறி வந்துவிட்டால் அது அன்றைய லாட்டரி. மாணவர்களும் கான்ட்ராக்ட் பையன்களும் உயிர் வாழ்வதே இதில்தான்.

இது மாறியதற்கு இரண்டு காரணம் சொல்வேன். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது, ஆனால் அங்கே கர்நாடக முகவரி இருக்க வேண்டும். ஆகவே நான் ஜூஜூவாடி வரை இலவசப் பெண், அத்திபெலேயில் ஏறினால் டிக்கெட் எடுத்த பயணி! இரண்டாவது காரணம், புது எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள். ஆயிரக்கணக்கில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள், தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் இருந்தும் ஜார்க்கண்ட் போன்ற இடங்களில் இருந்தும் வந்து ஹாஸ்டல்களில் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓசூரைப் பாருங்கள். மோமோஸ் வண்டி, பானிபூரி வண்டி, மசாலா பொரி வண்டி எல்லாவற்றையும் சுற்றி அவர்கள்தான். நாங்களும் அந்தக் கூட்டத்தில் தைரியமாக நின்று சாப்பிடுகிறோம்.

கிருஷ்ணகிரி அணைக்கும் ஒரு முறை எட்டுப் பேர் போனோம். காமராஜர் காலத்தில், 1950களின் கடைசியில் முடிந்த அணை. பூங்காவைவிட அங்கே பொரித்த மீன்தான் பிரசித்தம். நம் கண் முன்னால் மசாலா தடவி எண்ணெயில் போட்டு, வெங்காயத்தோடு கொடுப்பார்கள். அற்புதமான ருசி. ஆனால் அதற்கு முந்தின மாதம் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்குப் போயிருந்தோம், நுரை பார்க்க. பெங்களூர்க் கழிவு சேர்ந்து வந்து, மதகில் விழும்போது தென்பெண்ணை வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது, பார்க்க ஏதோ பனிப் பிரதேசம் மாதிரி. இரண்டு அணையும் ஒரே ஆற்றில்தான். மீன் தட்டு கைக்கு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. சொல்லவில்லை. எட்டுப் பேரும் சாப்பிட்டோம்.

தோழிக்குப் பதில் சொல்லும் கடமை பாக்கி இருந்தது. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்து, அம்மா கையால் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் போட வைத்தேன். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று பாட்டி வகுப்பு எடுத்தார். மூன்றாவது உருண்டை கேட்டாள். (திண்டுக்கல் சரண்டர்!) சாயங்காலம் மலைக்குப் போனோம். அன்றைய செலவுக் கணக்கு: பஸ் 0, கோயில் 0, டீ இரண்டு 24, பொரி இரண்டு 40. ஆக மொத்தம் 64 ரூபாய்.

படிக்கட்டில் எங்களுக்குப் பக்கத்தில் நாலு பெண்கள், எங்கள் வயதுதான், எனக்குப் புரியாத ஒரு மொழியில் பேசிச் சிரித்துக்கொண்டு அதே பொரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொரிக்காரத் தாத்தா அவர்களிடம் "தீக்கா கம்?" என்று கேட்டுப் போட்டதைக் கீழேயே பார்த்திருந்தேன், இந்தியெல்லாம் எப்போது கற்றுக்கொண்டாரோ. வெளிச்சம் மங்கும்போது அதில் ஒருத்தி போனில் மணி பார்த்தாள். நாலு பேரும் சடாரென்று எழுந்தார்கள். ஹாஸ்டல் கேட் மூடுகிற நேரமா, நைட் ஷிஃப்ட் பஸ்ஸா தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியவள், திரும்பி வந்து, பாதி மீதி இருந்த பொரிப் பொட்டலத்தை என் தோழி கையில் வைத்துவிட்டு ஓடினாள்.

எங்களுடையதைவிட அதில் காரம் குறைவாக இருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் இறங்கினோம்.